அலை ஏறும்போது தினசரி எண்களை எப்படிப் படிப்பது? ஷீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

புல்லட்டின்_வாசகன் (கேள்வி)

வணக்கம். கோவிட் மாதிரி ஒரு சுவாசத் தொற்று மறுபடி வேகமெடுத்தால், ஊர் அளவில் நிலவரத்தைப் பின்தொடர ஒரு எக்செல் ஷீட்டை இப்போதே தயார் செய்துவைக்க நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். உள்ளாட்சி வெளியிடும் தினசரி புல்லட்டின்தான் கையில் இருக்கும்: புதிய தொற்று, பரிசோதனை எண்ணிக்கை, சிகிச்சையில் இருப்போர், உயிரிழப்பு, காலிப் படுக்கை. கோவிட் கால வடிவத்தில் மாதிரித் தரவு போட்டு ஓட்டிப் பார்த்ததில் மூன்று இடத்தில் நிற்கிறோம்.

முதலாவது, புதிய தொற்று நான்கு நாளாக இறங்குகிறது, அதே நாட்களில் ஆஸ்பத்திரி நிரம்புகிறது. எதை நம்புவது? இரண்டாவது, புல்லட்டினில் காலிப் படுக்கை இருக்கும்போதே நோயாளிகளுக்கு இடம் கிடைக்காமல் போவது ஏன்? மூன்றாவது, கூட்டத் தடை, பள்ளி மூடல், இரவு ஊரடங்கு என்று நிர்வாகம் போடும் உத்தரவுகளை எண்களுக்குப் பக்கத்தில் எப்படிப் பதிவு செய்வது? எந்த உத்தரவு பலித்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா?

சூத்திரம் உண்டென்றால் சூத்திரமாகவே கொடுங்கள்.

ஏழுநாள்_சராசரி

முதல் கேள்வியின் சிக்கல் பெரும்பாலும் தேதியில் இருக்கிறது. ஒரு தொற்றுக்கு மூன்று தேதி உண்டு: அறிகுறி தொடங்கிய நாள், மாதிரி எடுத்த நாள், முடிவு அறிவித்த நாள். புல்லட்டினில் வருவது மூன்றாவது. அலை ஏறும்போதுதான் லேப் திணறும். ஒரு நாளில் வந்துகொண்டிருந்த முடிவு நான்கு நாள் கழித்து வரும். அந்த நாட்களில் அறிவிப்பு எண் இறங்குவதுபோலத் தெரியும், தேக்கம் தீர்ந்ததும் ஒரே நாளில் குதிக்கும். இரண்டும் லேபின் கதை, நோயின் கதை அல்ல. ஆகவே மாதிரி எடுத்த தேதியை வைத்து வரைபடம் போடுங்கள். புல்லட்டினில் அது இல்லையென்றால் நிர்வாகத்திடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அப்படி வரைந்தால் கடைசி நான்கைந்து நாள் எப்போதும் சரிவாகவே தெரியும், ஏனென்றால் அந்த நாட்களின் முடிவுகள் இன்னும் வந்து சேரவில்லை. அந்தப் பகுதியைச் சாம்பல் நிறத்தில் போடுங்கள், அதைப் பார்த்து "குறைகிறது" என்று எழுதாதீர்கள். தினமும் வந்த தரவை அந்தந்தத் தேதியிட்ட தனிக் கோப்பாக வையுங்கள், பழையதன் மேல் எழுதாதீர்கள். மூன்று வாரக் கோப்புகள் சேர்ந்தால், ஒரு நாளின் எண்ணில் எத்தனை சதவீதம் இரண்டாம் நாளில் வந்தது, ஐந்தாம் நாளில் எவ்வளவு என்று உங்கள் ஊர் லேபுக்கே கணக்கு கிடைக்கும். அந்த விகிதத்தால் வகுத்தால் சாம்பல் பகுதியையும் ஓரளவு நிரப்பிப் பார்க்கலாம்.

வார இறுதியில் பரிசோதனை குறையும் என்பதால் தினசரி எண்ணைத் தனியாகப் பார்க்க வேண்டாம். ஏழு நாள் கூட்டுத்தொகை எடுத்து, அதற்கு முந்தைய ஏழு நாள் கூட்டுத்தொகையால் வகுங்கள். இதுதான் ஷீட்டின் முதுகெலும்பு. இரட்டிப்பாகும் நாள் = 7 × லாக்(2) ÷ லாக்(அந்த விகிதம்). வாரத்துக்கு 700 இருந்தது 1,050 ஆனால் விகிதம் 1.5, இரட்டிப்பு சுமார் 12 நாள். விகிதம் 2 என்றால் 7 நாள். 1.25 என்றால் சுமார் 22 நாள். 1.1 என்றால் 51 நாள். வரைபடத்தின் செங்குத்து அச்சை லாக் அளவில் வையுங்கள். சாதாரண அளவில் அலையின் தொடக்கம் தரையோடு ஒட்டிக் கிடக்கும், கண்ணுக்குப் படும்போது நேரம் போயிருக்கும்.

அடுத்தது பாசிட்டிவிட்டி, அதாவது நூறு பரிசோதனையில் எத்தனை உறுதியானது. உங்கள் முதல் கேள்விக்கு நேரடி விடை இங்கே இருக்கலாம். உதாரணத்துக்கு, போன வாரம் 10,000 பரிசோதனையில் 1,000 பேர்: 10%. இந்த வாரம் 6,000 பரிசோதனையில் 900 பேர்: 15%. தொற்று "10% குறைந்தது" என்று தலைப்புப் போடலாம், உண்மையில் குறைந்தது பரிசோதனை. தொற்று இறங்கி பாசிட்டிவிட்டி ஏறினால் அதை ஏற்றமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் சொன்ன 5% அளவுகோலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: பரிசோதனை பரவலாக நடக்க வேண்டும், இரண்டு வாரமாவது 5%-க்குக் கீழே நிற்க வேண்டும். ஒரு நாள் 4.8% வந்ததும் கொண்டாட அது சொல்லப்படவில்லை.

ஷீட் பற்றியே ஓர் எச்சரிக்கை. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பில் 15,841 தொற்றுகள் தினசரி எண்ணிக்கையிலிருந்து விடுபட்டன. பழைய எக்செல் கோப்பு வகையில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான் கொள்ளும், அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் உதிர்ந்துபோயின. அந்த நோயாளிகளின் தொடர்புகளைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. ஒவ்வொரு முறை தரவை ஏற்றும்போதும், உள்ளே போன வரிசை எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று ஒரு கட்டத்தில் ஒப்பிட்டுவிடுங்கள்.

லேப்_டெக்னீஷியன்

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். பாசிட்டிவிட்டியை ஆர்டி-பிசிஆருக்குத் தனியாக, ரேபிட் ஆன்டிஜெனுக்குத் தனியாகப் போடுங்கள். ஆன்டிஜென் பரிசோதனையில் வைரஸ் அளவு குறைவாக உள்ளவர்கள் தப்பிவிடுவார்கள். நிர்வாகம் ஒரு வாரத்தில் ஆன்டிஜெனின் பங்கைக் கூட்டினால், எதுவும் மாறாமலே மொத்தப் பாசிட்டிவிட்டி இறங்கும். அதேபோல பயணத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் முன்பு எடுக்கும் கட்டாயப் பரிசோதனைகள் மொத்தப் பரிசோதனை எண்ணிக்கையைப் பெருக்கி விகிதத்தைச் சுருக்கிவிடும். "அறிகுறியோடு வந்தவர்கள் மட்டும்" என்று ஒரு வரிசை கிடைத்தால், அளவில் சிறியதாக இருந்தாலும் அதுதான் நம்பகமானது. ஏனென்றால் யாரைப் பரிசோதிக்கிறோம் என்பது அதில் வாரத்துக்கு வாரம் அதிகம் மாறாது.

வீட்டிலேயே செய்துகொள்ளும் கிட் புழக்கத்துக்கு வந்த பிறகு தொற்று எண்ணிக்கையின் அர்த்தமே மாறிவிடும். அந்தத் தேதியில் வரைபடத்தில் செங்குத்துக் கோடு ஒன்று போட்டு, இரு பக்கத்தையும் ஒப்பிடாமல் விடுங்கள்.

வார்டு_பொறுப்பு

காலிப் படுக்கை விஷயம். முதலில் நான்கு வரிசையாகப் பிரியுங்கள்: சாதாரணம், ஆக்சிஜன் வசதி உள்ளது, ஐசியூ, வென்டிலேட்டர். "300 காலி" என்பதில் 290 சாதாரணப் படுக்கை என்றால், மூச்சுத் திணறலோடு வருபவருக்கு அது காலியே இல்லை. அடுத்து, கட்டிலை எண்ணுகிறார்களா, செவிலியர் இருக்கும் கட்டிலை எண்ணுகிறார்களா என்று கேளுங்கள். அலையின்போது ஊழியர்களுக்கும் தொற்று வரும். ஐசியூவில் கட்டிலும் கருவியும் இருந்து, ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் இல்லையென்றால் அந்த இடத்தில் நோயாளியைச் சேர்க்க முடியாது. கடைசியாக, எண் எடுத்த நேரம். காலை எட்டு மணிக்கு எடுத்தது மாலையில் புல்லட்டினாக வந்தால், பத்து மணி நேரச் சேர்க்கைகள் அதில் இல்லை.

படுக்கையில் இருப்போர் எண்ணிக்கை ஒரு தொட்டியின் நீர்மட்டம் மாதிரி. உள்ளே வருவது எவ்வளவு என்று அது சொல்லாது. நீங்கள் பார்க்க வேண்டியது தினசரிப் புதிய சேர்க்கை. நிலைமை சீராக இருந்தால், இருப்போர் = ஒரு நாள் சேர்க்கை × சராசரியாகத் தங்கும் நாள். நாளுக்கு 40 பேர், 9 நாள் தங்கினால் 360 படுக்கை வேண்டும். சேர்க்கை கூடாமலே தங்கும் நாள் 12 ஆனால் 480. ஐசியூவில் தங்கல் இன்னும் நீளம் என்பதால் அங்கே நெருக்கடி பின்னால் வந்து மெதுவாகத்தான் தீரும்.

இதை முக்கியமாகக் கவனியுங்கள்: இருப்போர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்து திடீரெனத் தட்டையானால், அலை நின்றுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். தொட்டி நிரம்பியதாலும் கோடு தட்டையாகும். அப்போது பார்க்க வேண்டியது வாசலை. ஆம்புலன்ஸ் நோயாளியை இறக்கக் காத்திருக்கும் நேரம், அவசரப் பிரிவில் படுக்கைக்காகக் காத்திருப்போர், படுக்கை கேட்டு வரும் அழைப்புகள், வீட்டிலேயே நேர்ந்த இறப்புகள். இவை ஏறிக்கொண்டிருந்தால் அந்தத் தட்டைக் கோட்டைவிட மோசமான செய்தி வேறில்லை.

ஆக்சிஜனுக்குத் தனி ஷீட் போடுங்கள். பை இணைத்த மாஸ்கில் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போகும். 7 கன மீட்டர் பெரிய சிலிண்டர் என்றால் 7,000 லிட்டர், 10 லிட்டர் வேகத்தில் 700 நிமிடம், பன்னிரண்டு மணி நேரம்கூட முழுதாக வராது. ஆக ஒரு நோயாளிக்கு நாளுக்கு இரண்டு சிலிண்டருக்குச் சற்று மேல். திரவ ஆக்சிஜன் ஒரு டன் சுமார் 750 கன மீட்டர் வாயு தரும். நூறு பேர் 10 லிட்டரில் இருந்தால் நாளுக்கு 1,440 கன மீட்டர், ஏறக்குறைய 1.9 டன். ஹை-ஃப்ளோ கருவியில் 60 லிட்டரில் முழு ஆக்சிஜன் வாங்கும் ஒரே நோயாளி ஆறு பேருக்குச் சமம். அதனால் நோயாளி எண்ணிக்கையைவிட, எத்தனை பேர் எந்தக் கருவியில் என்பதே முக்கியம்.

இருப்பை டன்னில் எழுதாமல் மணியில் எழுதுங்கள்: இருப்பு ÷ ஒரு மணி நேரச் செலவு. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில், டேங்கர் ஆர்டர் போட்டதிலிருந்து வந்து நிரப்ப ஆகும் மணி. இரண்டுக்கும் இடைவெளி 12 மணிக்குக் கீழே போனால் கட்டம் சிவப்பாகட்டும். இன்னொரு பழுதும் உண்டு. டேங்கில் திரவம் இருக்கும், வார்டில் அழுத்தம் விழும். வேப்பரைசர் (திரவ ஆக்சிஜனை வாயுவாக்கும் கருவி) தன் திறனுக்கு மேல் ஓடும்போது அதன் துடுப்புகளில் பனி உறைந்து வெப்பம் ஏறாமல் போவதும், குழாய் அத்தனை ஓட்டத்துக்கு ஏற்ற அகலம் இல்லாததும் காரணம். குழாய் அழுத்தம் சாதாரணமாக 4 பார் அளவில் நிற்கும். அந்த மீட்டரை மணிக்கொரு முறை குறித்தால், அலாரம் அடிக்கும் முன்பே சரிவு தெரியும்.

கோப்பு_எண்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உத்தரவுப் பதிவேட்டுக்குக் குறைந்தது இவ்வளவு நெடுவரிசை வேண்டும்: உத்தரவு எண், கையெழுத்தான நாள், அமலுக்கு வந்த நாள், எந்த வார்டுகள், கட்டாயமா அறிவுரையா, விலக்கு யாருக்கு, முடிந்த நாள், தளர்த்தினால் எந்த அளவுக்கு. தளர்வையும் தனி வரிசையாகவே எழுதுங்கள், பழைய வரிசையைத் திருத்தாதீர்கள்.

கடுமையை எண்ணாக்க, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கோவிட் காலத்தில் நாடுகளின் நடவடிக்கைகளைக் குறித்த முறை நல்ல மாதிரி. பள்ளி மூடலுக்கு 0 என்றால் நடவடிக்கை இல்லை, 1 மூடச் சொல்லி அறிவுரை, 2 சில வகுப்புகளுக்கு மட்டும் கட்டாய மூடல், 3 எல்லாம் மூடல். அதோடு, ஒரு பகுதிக்கு மட்டுமா எங்குமா என்று தனிக் குறி. இதைப் பார்த்து உங்கள் ஊருக்கு ஐந்தாறு வகை வைத்துக்கொண்டால் போதும். உத்தரவு காகிதத்தில் இருந்ததா, நடந்ததா என்பதற்கும் ஒரு கட்டம் தேவை. பேருந்துப் பயணிகள் எண்ணிக்கை போன்ற ஏதாவதொரு நடமாட்ட அளவை வாராவாரம் பக்கத்தில் வையுங்கள்.

பலித்ததா என்பதை வரைபடத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. செய்தி பரவியதும் மக்கள் தாமாகவே வெளியே போவதைக் குறைப்பார்கள், பல சமயம் உத்தரவுக்கு முன்பே. ஒரே வாரத்தில் மூன்று உத்தரவு வந்திருந்தால் அவற்றைப் பிரித்தறிய வழியே இல்லை. ஆனால் ஒன்றை உறுதியாக மறுக்க முடியும்: திங்கட்கிழமை ஊரடங்கு, வியாழக்கிழமை தொற்று குறைவு, "பலன் தெரிகிறது" என்ற அறிக்கை. தொற்றி அறிகுறி வர, தொடக்க காலக் கோவிட்டில் சராசரி ஐந்து நாள் (ஒமிக்ரானில் மூன்றை ஒட்டி), பிறகு பரிசோதனை, முடிவு. தொற்றுக் கோடு கீழே வளைய 7–10 நாள், ஆஸ்பத்திரிச் சேர்க்கை வளைய ஏறத்தாழ இரண்டு வாரம், உயிரிழப்பு வளைய மூன்று நான்கு வாரம். வீட்டுக்குள் பரவல் ஊரடங்கிலும் தொடரும் என்பதால் முதல் வாரம் ஏமாற்றமாகவே இருக்கும். அந்த வாரத்தில் "இது வேலை செய்யவில்லை" என்று கைவிடுவதும் தவறு.

இந்த இரண்டு வாரத் தாமதத்தில்தான் நிர்வாகங்கள் தோற்கின்றன. உங்கள் ஷீட் ஒரே ஒரு எண்ணைத்தான் தர முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: எந்தப் படுக்கை எண்ணிக்கையில் உத்தரவு வந்தாக வேண்டும். கணக்கு எளிது. மொத்தக் கொள்ளளவை, 2-இன் அடுக்கு (14 ÷ இரட்டிப்பு நாள்) என்பதால் வகுங்கள். 400 படுக்கை, இரட்டிப்பு 12 நாள் என்றால் சுமார் 178 நிரம்பியபோதே முடிவெடுக்க வேண்டும். இரட்டிப்பு 7 நாள் என்றால் 100. இரட்டிப்பு 5 நாள் என்றால் 57! "பாதிப் படுக்கை காலியாகத்தானே இருக்கிறது" என்று கூட்டத்தில் யாராவது சொல்லும்போது, ஏழு நாள் இரட்டிப்பில் அந்தப் பாதி ஒரு வாரத்துக்குத்தான் என்பதை எண்ணோடு காட்ட உங்களால் முடிய வேண்டும். இந்த வரம்புகளை அலை வரும் முன்பே நிர்வாகத்தோடு பேசி எழுதி வையுங்கள். அலைக்கு நடுவே வரம்பு பேசினால் அது நகர்ந்துகொண்டே போகும்.

இது புதிதாகக் கண்ட பாடமும் அல்ல. 1918 இன்ஃப்ளூயன்ஸாவில் பிலடெல்பியா நகரில் செப்டம்பர் 17 அன்று பொதுமக்களிடையே நோய் பதிவானது. 28 அன்று பெரிய ஊர்வலம் நடக்கவிட்டார்கள், மூடல்கள் வந்தது அக்டோபர் 3-ல். செயின்ட் லூயிஸ் நகரில் அக்டோபர் 5 அன்று பொதுமக்களிடையே முதல் நோயாளி, 7 அன்றே தடைகள். இரு நகரங்களின் உச்ச இறப்பு வீதத்தில் இருந்த வித்தியாசத்துக்கு இந்த நாட்கணக்கும் ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

நிர்வாகத்தின் வேலையை அளக்க இன்னும் இரண்டு அளவு. மாதிரி எடுத்ததிலிருந்து நோயாளிக்குத் தகவல் போய்ச் சேர ஆகும் மணி. புதிய நோயாளிகளில் எத்தனை சதவீதம் பேர் ஏற்கெனவே தொடர்புப் பட்டியலில் இருந்தவர்கள். இரண்டாவது சரியத் தொடங்கினால், பரவல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது என்று பொருள். படுக்கை ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை, மும்பை மாநகராட்சி 24 வார்டுகளிலும் தனித்தனி வார் ரூம் வைத்து நடத்தியதைப் படித்துப் பாருங்கள். ஒரே நகரக் கட்டுப்பாட்டு அறையில் எல்லா அழைப்பும் குவிவதைவிட அது நல்ல ஏற்பாடு.

கழிவுநீர்_மாதிரி

பரிசோதனைக்கு யார் வருகிறார்கள் என்பதைச் சாராத ஒரு வரிசை வேண்டுமென்றால் கழிவுநீர். நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட் நகரில் 2020 மார்ச்சில், அங்கே நோயாளிகள் பதிவாகும் முன்பே கழிவுநீரில் வைரஸ் மரபுப்பொருள் தெரிந்தது. சுத்திகரிப்பு நிலையத்தின் நுழைவாயிலில் 24 மணி நேரக் கலவை மாதிரி, வாரம் இருமுறை. ஒரு குவளை முக்கி எடுத்த மாதிரி அந்த நேர ஓட்டத்தை மட்டும்தான் காட்டும். மழை நாளில் நீர்த்துப்போகும் என்பதால் ஓட்ட அளவால் பெருக்குங்கள், அல்லது மிளகாய்ச் செடி வைரஸ் ஒன்று (மனிதக் கழிவில் எப்போதும் இருப்பது) எவ்வளவு என்று பார்த்து அதோடு ஒப்பிடுங்கள். ஒரு மாதிரி ஏறினால் ஒன்றும் சொல்லாதீர்கள். அடுத்தடுத்து மூன்று ஏறினால் சொல்லுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத பகுதிகள் இதில் சேராது, அதையும் வரைபடத்தின் அடியில் எழுதிவிடுங்கள்.

புல்லட்டின்_வாசகன்

எல்லாருக்கும் நன்றி. இன்றே நெடுவரிசைகளை மாற்றுகிறோம். இரண்டு சந்தேகம் மட்டும். வார்டு வாரியாகப் போனால் எண்கள் மிகச் சிறியவை. ஒரு வார்டில் 6 இருந்து 14 ஆனால் விகிதம் 2.3, இரட்டிப்பு ஆறு நாள். நம்பலாமா? ஆர்-எண்ணையும் (ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கடத்துகிறார்) போட வேண்டுமா?

ஏழுநாள்_சராசரி

ஆர்-எண் முதல் கட்டத்தில் வேண்டாம். அதற்கு ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும் சராசரி நாள் தெரிய வேண்டும். வார விகிதம் அதே 1.5 ஆக இருந்தாலும், அந்த இடைவெளி 5 நாள் என்றால் ஆர் சுமார் 1.34, 3 நாள் என்றால் 1.19. புதிய திரிபு வந்து இடைவெளி சுருங்கினால் பழைய சூத்திரம் தவறான எண் தரும். வார விகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

சிறிய எண்ணுக்கு ஒரு சோதனை: இரு வாரங்களின் வித்தியாசத்தை, இரண்டின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 2-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டிய ஏற்றம். 6, 14 என்றால் 8 ÷ 4.47 = 1.8, இன்னும் உறுதியில்லை. 60, 140 என்றால் 5.7, சந்தேகமே இல்லை. 2-க்குக் கீழே வரும் வார்டுகளைப் பக்கத்து வார்டுகளோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆனால் தாண்டினாலும் உடனே முடிவுக்கு வராதீர்கள். 14 பேரும் ஒரே விடுதியில் இருப்பவர்களா என்று முதலில் விசாரியுங்கள். அப்படியென்றால் அது ஒரு கொத்து, வார்டு முழுதும் பரவல் என்று எழுத முடியாது.

தகவல் வராத வார்டுக்கு 0 போடாதீர்கள், கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஒரு வார்டு மூன்று நாள் அறிக்கை அனுப்பாமல் விட்டு, அது 0-வாகப் பதிவாகி, ஏழு நாள் கூட்டுத்தொகை இறங்குவதுபோல் தெரிவதுதான் இந்த ஷீட்டுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. எத்தனை வார்டு இன்று அறிக்கை அனுப்பியது என்ற எண்ணை வரைபடத்தின் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.